ஏழாவது முறை கூப்பிட்டால்தான் வருகிறான்

அன்பு மகளே,

நீ நேற்று ராத்திரி அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். பேரனின் பள்ளி டைரியில் ‘வகுப்பில் உட்காருவதில்லை, பக்கத்துப் பிள்ளைகளைத் தொந்தரவு செய்கிறான்’ என்று மறுபடியும் எழுதி வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு மாப்பிள்ளை கை ஓங்கிவிட்டார். உன் அத்தை, “முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்” என்கிறார். வகுப்பு மிஸ்ஸோ, “ஏ.டி.எச்.டி. இருக்கான்னு ஒரு தடவை காட்டிடுங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நடுவில் நின்று நீ கேட்கிறாய்: “பெரியம்மா, இவனுக்கு ஏதாவது நோயா, இல்ல நான்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டேனா?”

போனில் பதில் சொன்னால் பாதி உன் அழுகையில் போய்விடும். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும். பணிக்காலம் முழுவதும் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலுமே நின்றவள் நான். உன் மகனைப் போன்ற பிள்ளை இல்லாத ஒரு வகுப்புகூட எனக்கு அமைந்ததில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் கண்டிப்புக்குக் குறைவில்லை. அது வருகிற நேரம்தான் தப்பு. அவன் தண்ணீரைக் கொட்டினால், தங்கச்சியைத் தள்ளினால் வீடே திரண்டு வருகிறது. அவன் பேசாமல் தரையில் உட்கார்ந்து பொம்மைக் காரின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும்போது, ‘அப்பாடா, இப்பத்தான் சும்மா இருக்கான்’ என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறீர்கள். பிள்ளையின் நடத்தை உருவாவது இந்த இரண்டாவது நேரத்தில்.

அடியைப் பற்றி முதலில் பேசிவிடலாம். அத்தையைக் குறை சொல்லாதே. “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று பெற்றோரே வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன காலத்தில் வளர்ந்தவர் அவர். அது பழங்கதை என்றும் நினைத்துவிடாதே. 2007-இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஆய்வு நடத்தியது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். அதன் பிறகு வந்த 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பள்ளியில் உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வதைக்கும் தண்டனையையும் சேர்த்தே தடை செய்தது. வீட்டுக்குள் பெற்றவர்கள் அடிப்பதையும் தடை செய்த முதல் நாடு ஸ்வீடன், 1979-லேயே செய்துவிட்டார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2018-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், அடிப்பதையும் கத்துவதையும் அவமானப்படுத்துவதையும் பெற்றோர் கைவிட வேண்டும் என்று சொன்னது.

சட்டத்துக்குப் பயந்து கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. அடி பலிப்பது போலத் தோன்றுவதுதான் அதில் உள்ள பெரிய ஆபத்து. அடித்த உடனே பிள்ளை நின்றுவிடுகிறான். வீடு அமைதியாகிறது. அந்த அமைதி அடித்தவருக்கு ஆறுதலாக இருக்கிறது. அடுத்த தடவை கை தானாகவே உயர்கிறது. ஆக, அடியால் முதலில் பழக்கப்படுவது அப்பாதான். பிள்ளைக்கு மரத்துப்போகப் போக அடி கனமாக வேண்டியிருக்கிறது. கூடவே அவன் வேறொன்றைக் கற்றுக்கொள்கிறான்: டைரியை ஒளித்துவைப்பது, ‘மிஸ் ஒண்ணும் எழுதல’ என்று சொல்வது. கரும்பலகையை அழிக்க நான் கையைத் தூக்கினால் முன்பெஞ்சில் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அந்த ஒரு அசைவே சொல்லிவிடும். அப்படிக் குனிந்த பிள்ளைகள் யாரும் மற்றவர்களைவிட ஒழுங்காக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

உன் மகன் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. தோன்றியதைச் செய்துவிடும் பிள்ளைக்கு, தோன்றுவதற்கும் செய்வதற்கும் இடையே நின்று யோசிக்க நேரமே கிடைப்பதில்லை. போன வாரம் வாங்கிய அடி நினைவுக்கு வர வேண்டுமானால் அந்த ஒரு விநாடி அவனுக்கு வேண்டும். அது வாய்க்காததுதான் அவன் சிக்கலே.

சரி, அடிக்காவிட்டால் என்ன செய்வது? உன் வீட்டுச் சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம். நீ அடுப்படியில் நிற்கிறாய். அவன் கூடத்தில் டி.வி. முன்னால் இருக்கிறான். “கண்ணா, டி.வி.யை நிறுத்திட்டு வா” என்கிறாய். அசைவில்லை. குழம்பைக் கிளறிக்கொண்டே மறுபடி கூப்பிடுகிறாய். மூன்றாவது தடவை பெயரை முழுதாகச் சொல்கிறாய். ஐந்தாவது தடவை ‘அப்பா வரட்டும்’ வருகிறது. ஏழாவது தடவை கரண்டியோடு கூடத்துக்கு வந்து கத்துகிறாய். அப்போது எழுந்திருக்கிறான். ‘கத்தினாத்தான் கேட்கிறான்’ என்கிறாய். உண்மைதான், கத்தினால்தான் கேட்பான். முதல் ஆறு அழைப்புக்கும் எழுந்திருக்க வேண்டியதில்லை என்று அவன் அனுபவத்தில் கண்டிருக்கிறான். அழைத்துவிட்டு நீ குழம்புக்குத் திரும்பிவிடுகிறாய். அதன் பிறகு எதுவும் நடப்பதில்லை. கரண்டி கூடத்துக்கு வந்தால்தான் உத்தரவு நிஜம் என்று அவன் கணக்கு வைத்திருக்கிறான். அந்தக் கணக்கில் பிழையில்லை.

இதன் இன்னொரு வடிவம் கடையில் நடக்கும். சாக்லேட் கேட்கிறான், வேண்டாம் என்கிறாய். சிணுங்குகிறான், காலை உதைக்கிறான், நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். வாங்கிக் கொடுத்துவிடுகிறாய். அழுகை நிற்கிறது. உருண்டால் கிடைக்கும் என்று அவன் தெரிந்துகொண்டான். கொடுத்தால் அடங்கும் என்று நீ தெரிந்துகொண்டாய். ஒருவரை ஒருவர் பழக்கிக்கொள்கிறீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் இதைத்தான் ஆயுள் முழுக்க ஆராய்ந்தார். அவருடைய குழுவினர் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து, அம்மா என்ன செய்தார், பிள்ளை என்ன செய்தான், அடுத்த நொடி என்ன நடந்தது என்று வரிசையாகக் குறித்தார்கள். முரட்டுப் பிள்ளைகளின் வீடுகளில் இந்தச் சுழல் நாள் முழுதும் சின்னச் சின்னதாக நடப்பதை அந்தக் குறிப்புகள் காட்டின. பெரிய சண்டைகளெல்லாம் இந்தச் சின்னச் சுற்றுகளிலிருந்து வளர்ந்தவை. அவர் 1982-இல் இதைப் புத்தகமாகவும் எழுதினார். பிள்ளையைப் பெற்றோரும் பெற்றோரைப் பிள்ளையும் பழக்குகிறார்கள் என்று அவர் கண்டது எனக்குப் பெரிய ஆறுதல். யாரையும் கெட்டவர் என்று சொல்ல வேண்டியதில்லை. சுழலை ஒரு பக்கத்தில் நிறுத்தினால் போதும். அந்தப் பக்கம் பெரியவர்களின் பக்கமாகத்தான் இருக்க முடியும்.

நிறுத்துவது எப்படி என்றால், நடந்து போவதில்தான் தொடங்குகிறது. சொல்ல வேண்டியது இருந்தால் அடுப்பைக் குறைத்துவிட்டு அவனிடம் போ. தோளைத் தொடு. அவன் கண் உன் பக்கம் திரும்பட்டும். பிறகு ஒரே ஒரு காரியம் சொல்: “டி.வி.யை நிறுத்து.” நிறுத்தியபின் அடுத்தது. ‘டி.வி.யை நிறுத்தி, யூனிபார்மைக் கழற்றி, கைகால் கழுவி, டைரியை எடுத்துட்டு வா’ என்று நாலைக் கோத்துச் சொன்னால் அவன் தலையில் கடைசி ஒன்றுகூட நிற்பதில்லை. ‘நிறுத்துறியாடா?’ என்று கேள்வியாகவும் கேட்காதே. கேட்டால் ‘மாட்டேன்’ என்பதும் நியாயமான பதிலாகிவிடும். ‘ஒழுங்கா இரு’ என்று நாம் நாள் முழுக்கச் சொல்கிறோம். எதைச் செய்தால் அது ஒழுங்கு என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ‘ஓடாதே’ என்பதைவிட ‘நடந்து வா’ என்பது அவனுக்கு எளிது. சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணு. அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் வாயைத் திறக்காதே, அங்கிருந்து நகராதே. அவன் நிறுத்தினால், “சொன்ன உடனே நிறுத்திட்டே, நல்லது” என்று சொல். நிறுத்தாவிட்டால் இன்னொரு முறை சொல். அதற்கும் அசையவில்லை என்றால் நீயே நிறுத்து. கத்தாமல், வசவு இல்லாமல். சொன்னால் நடக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் வேண்டியது.

முதல் வாரம் மோசமாக இருக்கும் என்று எதிர்பார்த்தே இதைத் தொடங்கு. இத்தனை நாள் அழுதால் கிடைத்தது, இப்போது கிடைக்கவில்லை. ‘கொஞ்சம் கூட அழுதால் கிடைக்குமோ’ என்று இன்னும் உரக்க அழுது பார்ப்பான். இது அவன் கெட்டுப்போவதன் அடையாளமாக உனக்குத் தெரியும். அத்தையும் அப்படித்தான் சொல்வார். உண்மையில் பழைய வழி அடைபடுவதன் அடையாளம் அது. அந்த உச்சத்தில் நீ விட்டுக்கொடுத்தால், இந்த அளவு அழ வேண்டும் என்று புதிய பாடம் நடத்தியதாகிவிடும். அதனால் கடைசிவரை நிற்க முடியாத விஷயத்தில் ‘கூடாது’ என்று சொல்லவே சொல்லாதே. கொடுக்கப்போவதாக இருந்தால் கேட்ட முதல் தடவையே சிரித்த முகத்தோடு கொடுத்துவிடு.

இப்போது முக்கியமான பங்குக்கு வருகிறேன். பிள்ளைக்குப் பெற்றவரின் பார்வைதான் கூலி. நல்லதுக்குக் கிடைக்காவிட்டால் கெட்டதுக்காவது வாங்கிக்கொள்ளப் பார்ப்பான். திட்டும் ஒரு பார்வைதான். கண்டுகொள்ளாமல் இருப்பதைவிட அவனுக்கு அது மேல். ஆகவே தினமும் பத்து நிமிடம், கிடைத்தால் கால் மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவனோடு தரையில் உட்கார். விளையாட்டை அவன் தேர்ந்தெடுக்கட்டும். நீ சொல்லிக் கொடுக்காதே, திருத்தாதே, முக்கியமாகக் கேள்வி கேட்காதே. ‘இது என்ன கலர்? இங்கிலீஷ்ல சொல்லு. எத்தனை சக்கரம் இருக்கு?’ என்று விளையாட்டையும் பரீட்சையாக்குவது நம் வீடுகளில் பெரிய வியாதி. அவன் செய்வதைப் பார்த்துச் சொன்னால் போதும்: “ஓ, நீல வண்டியைப் பாலத்துக்கு அடியில விடுறியா!” பெற்றோருக்கு இந்த முறையைக் கற்பிக்கும் பயிற்சியை அமெரிக்காவில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்ற உளவியலாளர் 1960-களில் உருவாக்கினார். முதல் கட்டம் முழுக்கக் குழந்தையின் பின்னால் போகும் விளையாட்டு. உத்தரவு போடுவதெல்லாம் இரண்டாம் கட்டத்தில்தான். அவருக்குப் பின்னால் வந்த ஷீலா ஐபெர்க், ரெக்ஸ் ஃபோர்ஹேண்ட், கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் போன்றவர்கள் வளர்த்த பயிற்சிகளும் இதே வரிசையைப் பின்பற்றின. முதலில் உறவு, பிறகு கட்டுப்பாடு என்ற அந்த வரிசையை மாற்றாதே. அன்றைக்கு அவன் தப்பு செய்திருந்தாலும் அந்தப் பத்து நிமிடத்தைப் பறிக்காதே. அதைத் தண்டனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பாராட்டு என்றால் நம்மவர்களுக்குப் பயம். கண் பட்டுவிடும் என்பார்கள், தலைக்கு ஏறிவிடும் என்பார்கள். ‘சமத்து’, ‘தங்கம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பயன் குறைவு என்பது சரிதான். எதைச் செய்தான் என்று சொல்: “தங்கச்சி பென்சிலைப் பிடுங்கினப்ப அடிக்காம என்கிட்ட வந்து சொன்னே.” இதில் தலைக்கு ஏற என்ன இருக்கிறது? நடந்ததைத்தான் சொன்னாய். அடுத்த தடவை எதைச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு இப்போது தெரியும். அவன் செய்த நல்லதை அன்று ராத்திரி அப்பாவிடம் அவன் காதுபடச் சொல்வது இன்னும் நல்லது. இப்போது உங்கள் வீட்டில் அப்பாவிடம் போய்ச் சேருவது புகார் மட்டும்தான்.

தண்டனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது சின்னதாக, உடனே, சொன்னபடி நடக்க வேண்டும். ‘ஒரு மாசத்துக்கு சைக்கிள் கிடையாது’ என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொருளில்லாத சொல். மூன்றாம் நாள் நீயே எடுத்துக் கொடுத்துவிடுவாய். ‘இன்னிக்கு சாயங்காலம் சைக்கிள் கிடையாது, நாளைக்கு மறுபடி பார்ப்போம்’ என்றால் புரியும். தங்கச்சியை அடித்தால் விளையாட்டிலிருந்து எழுப்பி ஒரு நாற்காலியில் ஐந்து நிமிடம் தனியே உட்காரவை. அந்த நேரத்தில் யாரும் அவனுக்கு உபதேசம் செய்யக் கூடாது. முடிந்ததும் முடிந்ததுதான், மன்னிப்புக் கேள், தோப்புக்கரணம் போடு என்று நீட்டாதே. இருட்டறை, பூச்சாண்டி, போலீஸ், ‘ஹாஸ்டலில் சேர்த்துடுவேன்’, ‘அம்மா உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்’ எல்லாம் இன்றோடு நிற்கட்டும். கடைசியாகச் சொன்ன இரண்டையும் பிள்ளைகள் அப்படியே நம்புவார்கள். விருந்தாளிகள் முன்னால் அவன் மார்க்கையும் சேட்டையையும் கதையாகச் சொல்வதையும் நிறுத்து. அவன் காது எப்போதும் திறந்துதான் இருக்கிறது.

இனி, மிஸ் சொன்ன விஷயம். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு செல்போன் கொண்டுவந்த நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-லேயே, ஒன்றில் மனத்தை நிறுத்த முடியாத நிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாமல் தன்னைக் கட்டுப்படுத்த மட்டும் முடியாத பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் அவையில் சொற்பொழிவாற்றினார். இன்று உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பரம்பரையின் பங்கு இதில் மிகப் பெரியது. ஆகவே ‘வளர்ப்பு சரியில்லை’ என்று யார் சொன்னாலும் தலைகுனியாதே. மருத்துவர் அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா ‘நானும் இப்படித்தானே இருந்தேன்’ என்று சொல்வது பல குடும்பங்களில் நடக்கிற ஒன்று.

2007-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷாவும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நீ மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் மூளைப் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். மூளையின் புறணி தன் முழுத் தடிமனை எட்டும் வயது மற்ற பிள்ளைகளுக்கு ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. வளர்ச்சியின் வரிசை ஒன்றுதான், நேரம்தான் தள்ளிப்போகிறது. கவனத்தையும் அடக்கத்தையும் ஆளும் முன்பகுதியில் அந்தத் தாமதம் அதிகம். இந்தக் குறைபாடு இருக்குமானால், ஏழு வயதுப் பிள்ளையிடம் ஐந்து வயதுப் பிள்ளையின் பொறுமையை எதிர்பார்ப்பதே நியாயம். எதிர்பார்ப்பைக் குறைப்பது செல்லம் கொடுப்பதாகாது.

‘மொபைல்ல மட்டும் மணிக்கணக்கா உட்காருறானே, அப்ப எங்கிருந்து கவனம் வருது?’ என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாய். மொபைல் விளையாட்டில் ஒவ்வொரு சில விநாடிக்கும் ஒரு சத்தம், ஒரு புள்ளி, ஒரு பரிசு. அங்கே அவன் கவனத்தைச் செலுத்தவே வேண்டியதில்லை, அது இழுக்கப்படுகிறது. பரிசு வெகுதூரத்தில் இருக்கிற வேலையில், பெருக்கல் கணக்கில், தானாகக் கவனத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் இவர்களுக்குக் கடினம். மொபைலில் உட்காருகிறான் என்பதால் குறைபாடு இல்லை என்றாகாது. வகுப்பில் உட்காரவில்லை என்பதால் இருக்கிறது என்றும் ஆகாது. மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோலின்படி, அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். படிப்பையோ பழக்கத்தையோ பாதிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்து இதைச் சொல்ல முடியாது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ‘இருக்கு’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்பவரிடம் நிற்காதே.

அதற்கு முன்னால் விலக்க வேண்டியவை நிறைய உண்டு. கண் சரியாகத் தெரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையைத்தான் பார்ப்பான். காதில் நீர் கோத்திருந்தால் கூப்பிட்டது கேட்காது. ராத்திரி குறட்டை விட்டு வாயால் மூச்சு விடும் பிள்ளைக்கு அடினாய்டு வீங்கியிருக்கலாம். தூக்கம் கெட்ட பிள்ளை பெரியவர்களைப் போலச் சோர்ந்து கிடக்க மாட்டான், துள்ளுவான். இரும்புச்சத்துக் குறைவும் கவனத்தைத் தின்னும். சில விநாடி வெறித்துப் பார்த்து உறைந்து மீள்வது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிக்கல் உள்ள பிள்ளை, அது வெளியே தெரியாமல் இருக்கச் சேட்டை செய்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முட்டாள் என்று பெயர் வாங்குவதைவிட வாலு என்று பெயர் வாங்குவது அவனுக்குக் கௌரவமாகப் படுகிறது. இன்னொன்று, உன் மகன் வகுப்பிலேயே வயதில் சின்னவன். வருடம் வீணாகக் கூடாது என்று அவசரப்பட்டுச் சேர்த்தீர்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2012-இல் வந்தது. வகுப்பில் மூத்தவர்களான ஜனவரிப் பையன்களைவிட, இளையவர்களான டிசம்பர்ப் பையன்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று முத்திரை விழுவது 30 சதவீதம் அதிகமாக இருந்தது. மருத்துவரிடம் போகும்போது அவன் பிறந்த மாதத்தையும் சொல்.

சர்க்கரையை நிறுத்தினால் அடங்கிவிடுவான் என்று உன் தோழி சொன்னதை விட்டுவிடு. 1994-இல் ஒரு சோதனை நடந்தது. ‘உங்கள் மகனுக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்’ என்று சில அம்மாக்களிடம் சொன்னார்கள், உண்மையில் கொடுக்கவில்லை. அப்படிச் சொல்லப்பட்ட அம்மாக்களுக்குத் தங்கள் பிள்ளை கூடுதலாகத் துள்ளுவதாகத் தெரிந்தது. பல்லுக்காகச் சர்க்கரையைக் குறை, அது போதும். ஞாபகசக்தி டானிக் எதையும் வாங்காதே.

தூக்கத்தைக் குறைக்காதே. 6 வயதிலிருந்து 12 வயதுவரை தினம் 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். நீங்கள் சீரியல் முடித்துப் படுக்கும் நேரத்தில் அவனும் படுத்து, வேனுக்காக விடியலில் எழுந்தால் கணக்கு எங்கே நிறையும்? திரை நேரத்துக்கு, 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கீழ் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் எல்லை வைத்திருக்கிறது. சாப்பாட்டுத் தட்டுக்கும் படுக்கைக்கும் போன் வரவே கூடாது என்பது என் எல்லை.

வீட்டுப்பாடம்தான் உங்கள் வீட்டின் போர்க்களம். வந்த உடனே உட்காரவைக்காதே. அரை மணி நேரம் தெருவில் ஓடிவிட்டு வரட்டும். பிறகு டி.வி. தெரியாத சுவரைப் பார்த்து உட்காரவை. பத்து நிமிட வேலை, மூன்று நிமிட ஓய்வு. பத்து கணக்கில் முதல் மூன்றை மட்டும் காட்டி மற்றதை ஒரு காகிதத்தால் மூடு. நின்றுகொண்டு எழுதினால் எழுதட்டும், காலை ஆட்டினால் ஆட்டட்டும்; கை எழுதுகிறதா என்று மட்டும் பார்.

மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாதே, கெஞ்சவும் வேண்டாம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் படும் பாடு எனக்குத் தெரியும். ஜன்னலுக்கும் வாசலுக்கும் தள்ளி முன்பெஞ்சில் இடம் கேள். கரும்பலகை அழிக்க, சாக்பீஸ் வாங்கிவர, நோட்டு அடுக்க அவனை எழுப்பச் சொல். எப்படியும் எழுந்திருக்கப்போகிற பிள்ளைக்கு எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கும். டைரியில் புகாருக்குப் பதிலாக இரண்டே வரி கேள்: ‘கை தூக்கிப் பேசினானா, கணக்கை முடித்தானா.’ ஆமாம் என்று வந்தால் அன்று சாயங்காலமே பிடித்த விளையாட்டு கூடுதலாகக் கால் மணி. இல்லை என்று வந்தால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். நான் வகுப்பில் வைத்துப் பார்த்ததில் இதைவிட விரைவாகப் பலன் தந்தது வேறொன்றில்லை.

மருந்து வேண்டியிருக்குமா என்று கேட்டாய். ஆறு வயதுக்குக் கீழே பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைத்தான் முதலில் சொல்வார்கள். அதற்கு மேல், தொல்லை கடுமையாக இருந்தால் மருந்தும் பயிற்சியும் சேர்ந்து போகும். மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. பசியும் தூக்கமும் குறையலாம். அதனால் எடையையும் உயரத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் வெட்கப்படாதே. கண்ணுக்குக் கண்ணாடி எழுதினால் மறுப்பாயா? எழுதித் தராவிட்டால் நீயாகக் கேட்டும் வாங்காதே.

மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒரு பக்கம், என் மகள் ஒரு பக்கம், உங்கள் அம்மா ஒரு பக்கம் என்று மூன்று சட்டம் இருக்கிற வீட்டில் பிள்ளை தனக்கு வசதியான சட்டத்தைத்தான் பின்பற்றுவான். மூவரும் உட்கார்ந்து மூன்றே விதிகள் பேசிக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் வேண்டாம். அத்தையிடம் ‘நீங்க சொல்றது தப்பு’ என்று தொடங்காதீர்கள். பேரன் நல்லது செய்வதைப் பார்த்துச் சொல்லும் வேலையை அவரிடம் கொடுங்கள். நாள் முழுக்க அவனோடு இருப்பவர் அவர்தான். அந்த வேலைக்கு அவரைவிடத் தகுந்த ஆள் இல்லை. கோபம் தலைக்கேறும்போது அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் பிள்ளை ஒன்றும் கெட்டுவிட மாட்டான்.

மகளே, நீ இந்த வாரம் செய்ய வேண்டியது இது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடு. பிறகு நீ பெரம்பூரில்தானே இருக்கிறாய், எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அவனை அழைத்துப்போய், குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேள். பள்ளி டைரியையும் நோட்டுகளையும் கையோடு எடுத்துப்போ. மாப்பிள்ளையும் கூட வர வேண்டும். வெளியூர்த் தோழிகள் யாராவது கேட்டால், மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் தொடக்கநிலை இடையீட்டு மையத்தைச் சொல். பதினெட்டு வயதுவரை அங்கே பார்ப்பார்கள். ராத்திரி நேரத்தில் உனக்கே தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழை. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திராமல், அந்தப் பத்து நிமிட விளையாட்டை இன்றைக்கே தொடங்கிவிடு.

அன்புடன்,
பெரியம்மா